காஞ்சிபுரம் ஒளி விழாவில், குமரேசன் ஆட்டோவில் ஒரு சனிக்கிழமை

போன மார்கழியில் காஞ்சிபுரத்தில் பழைய கட்டடங்களின் மேல் ஒளியால் படம் காட்டும் விழா ஒன்று நடந்தது. ஒரு வாரம், தினமும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. நான் இரண்டாம் நாள், சனிக்கிழமை போனேன். நானாகக் கிளம்பவில்லை. என் தம்பி சரவணன் புதன்கிழமை போன் செய்து, "அக்கா, லைட்டு பாக்கப் போலாமா?" என்று கூப்பிட்டான். சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

காரணம் சொல்கிறேன். சரவணனுக்கு இருபத்தொன்பது வயது. பதினாறு வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. காலை எட்டு, இரவு எட்டு, இரண்டு வேளை மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலிப்பு உள்ள எல்லோருக்கும் வெளிச்சம் ஆகாது என்பதில்லை. ஆனால் இவனுக்கு வேகமாக அணைந்து எரியும் விளக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டப வாசலில் சீரியல் பல்பு துடித்தால் பின்வாசல் வழியாக உள்ளே போகிறவன் அவன். அவன் ஒளி விழாவுக்குக் கூப்பிட்டால் என்ன நினைப்பது?

நான் சந்தேகப்பிராணிதான். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நூறு ஜோடியில் ஒன்று கோணலாக இருந்தே தீரும் என்று நம்பி தினமும் பஸ் ஏறுகிறேன். அதனால் விழா விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் நான் கேள்வியை முடிப்பதற்குள், "ஃப்ளாஷ் எல்லாம் இல்ல மேடம், ஃபேமிலி ஷோ" என்றான். கேள்வியைக் கேட்காமல் வரும் பதிலை நான் நம்புவதில்லை. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் முன்பதிவுக்கு இருநூறு ரூபாய் கேட்டது. விழாவுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். நீங்களும் இப்படி எங்காவது போவதாக இருந்தால் மூடிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை 11.40-க்கு வேலூரில் பஸ். 68 கிலோமீட்டர், கட்டணம் 65 ரூபாய். பாலுசெட்டி சத்திரம் தாண்டி கொஞ்சம் நெரிசல், 1.50-க்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். வீட்டுக்காரர் மகளின் அரையாண்டுத் தேர்வுக்காக வேலூரிலேயே இருந்துவிட்டார். சரவணன் ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கம்ப்யூட்டரில் இயந்திர வரைபடம் போடும் வேலை. எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். புதுச் சட்டை, முடி வெட்டியிருந்தான். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க, தொப்பையுள்ள ஆட்டோக்காரர் ஒருவர். பெயர் குமரேசன் என்றார். ராத்திரி பத்து மணி வரை நமக்கே, எண்ணூறு ரூபாய் என்று பேசி முடித்துவிட்டதாகத் தம்பி சொன்னான்.

எட்டு மணி நேரத்துக்கு எண்ணூறா? சரக்கு மலிவாக இருந்தால் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். இவர் நேராகப் பட்டுக் கடைக்கு ஓட்டுவார், கடைக்காரர் கமிஷன் கொடுப்பார், அதுதான் கணக்கு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதலில் லாட்ஜ். இரண்டு கட்டில் அறை 1,450 ரூபாய், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிறகு ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, ஆளுக்கு 110. குமரேசனையும் சாப்பிடக் கூப்பிட்டோம். எதிரில் உட்கார்ந்து, சரவணன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். மணற்கல் சுவரில் சாயங்கால வெயில் விழும் நேரம் அது. எந்த மின்விளக்கும் இல்லாமலே பார்க்க வேண்டிய இடம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. குமரேசன் கூடவே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். வேலூரில் வீடு சொந்தமா வாடகையா, அப்பா அம்மா இருக்கிறார்களா, தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டா, சம்பளம் எவ்வளவு. அப்பா அம்மா இல்லை, நான்தான் வீட்டுக்குப் பெரியவள் என்று சொன்னேன். மற்றதற்கெல்லாம் பாதிப் பதில். ஒரு ஆட்டோக்காரருக்கு என் தம்பியின் சம்பளம் எதற்கு? சரவணனோ அவர் கேட்டதற்கெல்லாம் வேலைத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதில் இன்னொன்று. அவர் எங்களை ஒரு பட்டுக் கடைக்கும் அழைத்துப் போகவில்லை. காஞ்சிபுரத்தில் வெளியூர்க்காரரை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக நிற்காமல் போன ஆட்டோவை நான் அன்றுதான் பார்த்தேன். நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குப் பயம் வந்தது. கமிஷன் இல்லையென்றால் இந்த ஆளுக்கு வேறு என்ன வேண்டும்?

ஆறரை மணிக் காட்சிக்கு ஒரு பழைய சத்திரத்துக்குப் போனோம். பேருந்து நிலையத்திலிருந்து 1.8 கிலோமீட்டர். கருங்கல் தூண்கள், மேலே செங்கல் கைப்பிடிச் சுவர், நடுவில் யாளி முகங்கள். எதிரில் இரும்புச் சாரம் கட்டி அதன்மேல் படம் காட்டும் கருவிகள், கீழே தார்ப்பாய்க் கூடாரத்தில் கம்ப்யூட்டர்கள். தெருமுனையில் ஜெனரேட்டர் லாரி நின்றதால் டீசல் வாசனை. செய்தித்தாளை விரித்து ஜனம் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் தலையில் குரங்குக் குல்லா.

எல்லா விளக்கும் அணைந்தது. சத்திரத்தின் அடியிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு மேலே ஏறியது. பக்கத்தில் இன்னொன்று, பிறகு நூறு, ஆயிரம். கட்டடம் முழுவதும் நெசவுக்குப் பாவு விரித்த மாதிரி ஆனது. குறுக்கே ஒரு சிவப்பு இழை ஓடியது. ஓடி ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் துணியானது. அரக்கில் உடல், பச்சையில் கரை, கரையில் மயில். பிறகு அந்தத் துணி மேலிருந்து நனைய ஆரம்பித்தது. தூண்களில் மழை வழிந்தது. யாளியின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில், முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து போய்க் கையை நீட்டினார்கள். இருபது நிமிடம். ஒரு இடத்தில்கூடக் கண் கூசவில்லை. எல்லாம் மெதுவாக வந்தது, மெதுவாகப் போனது.

நான் பாதி நேரம் சுவரைப் பார்த்தேன், பாதி நேரம் தம்பியின் கண்களைப் பார்த்தேன். அவன் சுவரையும் பார்த்தான். ஆனால் திரும்பித் திரும்பிப் பின்னால் இருந்த கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணிக்கு ஒருமுறை அதே காட்சி. மூன்றாவது முடிந்ததும் டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். மணி 7.50. எட்டாகியும் ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. எட்டு மணி மாத்திரை அவன் பையில் ஒரு அட்டை, என் கைப்பையில் ஒரு அட்டை, எப்போதும் அப்படித்தான். என்னிடம் இருந்த அட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு தேட எழுந்தேன். ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்த குமரேசன் என் கையைப் பார்த்தார்.

"இன்னா மாத்திரைமா அது?" என்று கேட்டார்.

ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு நான் உண்மை சொல்லியாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. நான் யோசிக்கவும் இல்லை. பதின்மூன்று வருடமாகப் பழகின வாய்.

"அல்சருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்" என்றேன்.

"அப்டிங்களா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மதியத்திலிருந்து அவர் அடுத்த கேள்வி கேட்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

ஐந்து நிமிடத்தில் சரவணன் வந்துவிட்டான். மாத்திரை போட்டாயிற்று என்றான். கையில் டீ இல்லை. அடுத்து மணிக்கூண்டுக்குப் போகலாம் என்றேன். விளம்பரத்தில் அதைத்தான் முக்கியக் காட்சி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். குமரேசன் அசையவில்லை. "வாணாம்மா. அங்க வண்டி போவாது. இங்கியே இன்னொரு தபா பாருங்க" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆட்டோக்கள் எங்களைத் தாண்டி மணிக்கூண்டுப் பக்கம் போயின. தம்பியும், வேண்டாம் அக்கா, கால் வலிக்கிறது என்றான்.

இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். அது என்ன என்று நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்தேன். 600 மீட்டர், எட்டு நிமிடம். தெருத் திரும்பியதும் மேளச் சத்தம் நெஞ்சில் அறைந்தது. மணிக்கூண்டின் மேல் வெள்ளை வெளிச்சம் அடித்து அணைந்து, அடித்து அணைந்து, ஒரு விநாடிக்கு எத்தனை முறை என்று எண்ண முடியாத வேகம். எதிரில் நின்றவர்களின் முகங்கள் வெட்டி வெட்டித் தெரிந்தன. எனக்கே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. எச்சரிக்கைப் பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

சரவணன் இங்கே வந்திருந்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நினைப்பு அதைவிட மோசம். இங்கே வரக்கூடாது என்று அந்த ஆட்டோக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். ஆட்டோவுக்குள் சரவணன் உட்கார்ந்திருந்தான். வெளியே குமரேசன். அவர் பக்கத்தில், கழுத்தில் விழா அடையாள அட்டையும் ஹெட்போனும் தொங்க, ஒரு பெண். இருபத்தாறு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள். பெயர் தேன்மொழி என்றாள். சத்திரத்தின் மேல் ஓடிய படம் அவள் செய்தது. சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் காஞ்சிபுரம். அவளும் சரவணனும் ஒரு மென்பொருள் பயிற்சி வகுப்பில் பழக்கம்.

"மணிக்கூண்டு ஷோ வேற டீம் பண்ணதுக்கா. அதுல ஃப்ளாஷ் நெறைய இருக்குது. குறைங்கன்னு சொன்னேன், கேக்கல. அதான் உங்கள அந்தப் பக்கம் இட்டுனு போவாதீங்கன்னு மாமாகிட்ட சொல்லி வெச்சேன்" என்றாள்.

எந்த மாமா என்று கேட்டேன். அவள் குமரேசனைப் பார்த்தாள். அவளுடைய தாய்மாமன்.

பட்டுக் கடைக்குப் போகாதது, எண்ணூறு ரூபாய், சம்பளக் கேள்வி எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மதியத்திலிருந்து நான் அவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எங்களை. பெண் கேட்டு வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சும்மா பார்க்க வேண்டும், அக்காவிடம் சொல்லாதே என்று அவர்தான் தம்பியிடம் கேட்டுக்கொண்டாராம்.

குமரேசன் குரலை உயர்த்தவில்லை. "தம்பி ஆறு மாசம் முன்னாடியே எங்க பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்ட்டாரு. எங்கிட்டயும் நேத்து போன்ல சொன்னாரு. நீங்கதாம்மா அல்சருன்னீங்க. நான் யாரை நம்பறது?"

என் முகம் சூடானது. முதலில் கோபம்தான் வந்தது. தம்பியிடம் திரும்பி, நீயும்தானே என்னிடம் மறைத்தாய் என்றேன். அவன் ஆமாம் என்றான். பிறகு சொன்னான், "ஆற்காட்டுல சொல்ல வேணாம்னு சொன்னது நீதானக்கா."

அதுவரை அவன் அதை என்னிடம் சொன்னதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஆற்காட்டில் ஒரு பெண் பார்த்தோம். நிச்சயம் வரை போனது. கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான். நிச்சயம் முடிந்த மூன்றாவது வாரம், எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணின் அண்ணன் அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்து, பெயரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டார். அவர்கள் நோய்க்காகச் சண்டை போடவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொல்லி நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சரவணன் அன்றைக்கே வேலைக்குத் திரும்பிப் போனான். அவர்கள் மேல்தான் தப்பு என்று நான் என்னையே நம்பவைத்துக்கொண்டு இருந்தேன்.

நான் குமரேசனிடம் திரும்பினேன். நாளைக் காலை உங்கள் அக்கா வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, ஒன்பது மணிக்கு வாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஆட்டோ எடுத்து வந்தார். தேன்மொழியின் வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு தறிகள். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தார். காபியைத் தொடுவதற்கு முன் நான் பேச ஆரம்பித்தேன். எந்த வயதில் வந்தது, மொத்தம் எத்தனை முறை, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை, ஆற்காட்டில் நடந்தது, அதில் என் பங்கு, நேற்றைய அல்சர். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று தேன்மொழியின் அம்மா கேட்டார்.

"பயம்தாங்க. உண்மையச் சொன்னா போயிடுவாங்கன்னு பயம்" என்றேன்.

ஊரும் வேறு, ஜாதியும் வேறு என்ற பேச்சு அவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் பேசி ஓய்ந்திருந்தது போல. அதை யாரும் எடுக்கவில்லை. தேன்மொழியின் அப்பா கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். வலிப்பு வந்தால் கூட இருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நான் சொல்ல ஆரம்பித்தேன். குமரேசன் குறுக்கிட்டார். "வாயால சொன்னா எப்டிமா? செஞ்சி காட்டுங்க." சொல்லிவிட்டு, ராட்டையை ஓரமாகத் தள்ளி, பாயை விரித்து, லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவரே மல்லாந்து படுத்துவிட்டார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. இவளுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று பார்க்கிற முகம்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கூர்மையான சாமான்களை நகர்த்துவது, சட்டைக் காலரைத் தளர்த்துவது, தலைக்கடியில் துண்டு, பிறகு தோளையும் முட்டியையும் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைப்பது. உதறலை அடக்கக் கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. தேன்மொழியின் அம்மா இரும்புச் சாவி எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கையில் எதுவும் கொடுக்கக் கூடாது, வாயிலும் எதுவும் வைக்கக் கூடாது என்றேன். அவருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகக் குமரேசனைத் திருப்பிப் பார்த்தார்கள். நூறு கிலோ ஆள். தேன்மொழியின் அம்மா தன் தம்பி குமரேசனின் தோளைப் பிடித்துத் தள்ளி, முடியாமல் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. தேன்மொழி மட்டும் ஒரே தள்ளில் திருப்பினாள். அவள் முன்பே சரவணனிடம் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

சம்மதம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டரைத் தானும் பார்க்க வேண்டும் என்றார் குமரேசன். பத்து நாள் கழித்து வேலூர் வந்தார். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் முன்தினம் போனில் சொன்னவற்றையே டாக்டரிடம் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் பொருந்துகிறதா என்று சரிபார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இனி, இதுபோன்ற ஒளி விழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு. முதல் காட்சிக்கே போய்விடுங்கள், ஏழரைக்கு மேல் கூட்டம் தெருவை அடைத்துவிடுகிறது. கட்டடத்துக்கு நேர் எதிரில் உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தால் சாரம் மறைக்காது. பனிக்குச் சால்வையும் கொசுவுக்கு ஏதாவது களிம்பும் வேண்டும். கழிப்பறை அருகில் இல்லை, லாட்ஜிலேயே போய்விட்டு வாருங்கள். வீட்டில் யாருக்காவது வெளிச்சம் ஆகாதென்றால் போனில் கேட்டு நம்பாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் முதலில் போய் ஒரு முழுக் காட்சியைப் பார்த்துவிட்டு வரட்டும். மணிக்கூண்டில் எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி விழா நடத்தியவர்களுக்கு நானும் தேன்மொழியும் எழுதினோம். அடுத்த நாளிலிருந்து ஒரு பலகை வைத்ததாகக் கேள்வி. நான் கண்ணால் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று சரவணனுக்கு அனுப்பிக் கேட்டேன். படித்துவிட்டு, போடு என்று பதில் அனுப்பினான்.

தை மாதம் காஞ்சிபுரத்தில் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்தோம். எங்கள் தூரத்து உறவில் ஒரு அத்தை, மாப்பிள்ளை ஏன் இன்னும் பைக் வாங்கவில்லை என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். எதிர் வரிசையில் குமரேசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவனுக்கு வலிப்பு இருக்கிறது, வண்டி ஓட்டக் கூடாது, பெண் வீட்டுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். குமரேசன் இலைக்குத் திரும்பி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.